தபாலோட்டக்காரனுக்கு ஒரு பெயர்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் 9 ஆந் திகதியை உலகத் தபால் தினமாகக் கொண்டாடும் வழக்கம் நிலவுகின்றது. 1874 ஆம் ஆண்டில் அந்நாளிலேதான் சுவிற்சர்லாந்து நாட்டின் பேண் நகரிற் சர்வதேசத் தபால் ஒன்றியத்துக்குக் கால்கோள் செய்யப்பட்டது. அத்தினத்தை ஒட்டிப் பாடசாலைகளிற் கட்டுரைப் போட்டிகள் நடைபெறும். முத்திரை சேர்ப்போர் தம் ஏடுகளைக் காட்சிக்கு வைப்பர். கடிதம் எழுதுங் கலை அருகி வருகின்றதே என்று இரங்குவாரும் உளர். இவையெல்லாம் வேண்டற்பாலனவே. ஆயினும், எழுதியவனையும் பெற்றவனையும் பற்றிப் பேசுகின்ற நாம் இடையே நின்று சுமந்தவனைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய முத்திரையில் அரசியின் தலை உண்டு. உறையின் மீது பெறுவோன் பெயர் உண்டு. உள்ளே எழுதியோன் பெயர் உண்டு. சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பெயரில்லாதவனைப் பற்றி, அதிலும் நம் வன்னிப் பெருநிலத்தின் காட்டு வழியே கடிதப் பை சுமந்து ஓடியவனைப் பற்றி, இவ்வாரம் சில சொற் கூற விரும்புகின்றேன். கடல் கடந்த நாடொன்றின் கதையிலிருந்து தொடங்கினால் நம் கதை தெளிவாக விளங்கும்.

1860 ஆம் ஆண்டு ஏப்பிரல் 3 ஆந் திகதி மாலை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசூரி மாநிலத்துச் சென் யோசேப்பு என்னும் ஊரிலிருந்து ஓர் இளைஞன் கடிதப் பையுடன் குதிரை ஏறி மேற்கு நோக்கிப் புறப்பட்டான். மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியாவின் சக்கிரமெந்தோ நகரே அப்பை சேரவேண்டிய இடம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1,900 மைல். புல்வெளியும் மலையும் பாலையும் அடுத்தடுத்துக் கிடக்கும் வழி அது. 1848 ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது முதல் மக்கள் அங்குத் திரண்டு சென்று குடியேறினர். ஆயினும் கிழக்கிலிருந்து ஒரு கடிதம் அவர்களை அடைய மூன்று வாரங்களுக்கு மேலுஞ் செல்லும். அக்கால அளவைப் பத்து நாளாகக் குறைப்போம் என்று ரசல், மேஜர்ஸ், வாடெல் என்னும் மூவர் கூடி நடத்திய வணிக நிறுவனம் துணிந்து முன்வந்தது. 'போனி எக்ஸ்பிரஸ்' என்பது அச்சேவையின் பெயர். மட்டக்குதிரை விரைவஞ்சல் என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம்.

அதன் ஒழுங்கு வியக்கத்தக்கது. வழி நெடுகப் பத்து அல்லது பதினைந்து மைலுக்கு ஒன்றாக ஏறத்தாழ 190 நிலையங்கள் அமைந்தன. நிலையந்தோறும் புதுக் குதிரை சேணத்துடன் காத்து நிற்கும். வந்தவன் இறங்கி, நான்கு பைகள் தைத்த தோல்விரிப்பைக் களைந்த குதிரையின் முதுகிலிருந்து உருவிப் புதுக் குதிரையின் மீது வீசி, ஏறிப் பறப்பான். இதற்கு இரண்டு நிமிடமே அனுமதி. எழுபத்தைந்து மைல் முதல் நூறு மைல் வரை ஓடிய பின்னரே அவன் தன் பையை மற்றொருவனிடம் ஒப்படைப்பான். குதிரைக்குப் பாரமாகாத மெல்லிய உடல்வாகுடைய இளைஞரையே இத்தொழிலுக்குத் தேர்ந்தனர். குடியேன், வைதுரையேன், சண்டையிடேன் என்று சத்தியம் செய்வித்து, வேதாகமம் ஒன்றையும் கையிற் கொடுத்தனர். அரை அவுன்சு நிறையுள்ள கடிதத்துக்குத் தொடக்கத்தில் ஐந்து டொலர் கூலி. ஏழையின் கடிதம் அக்குதிரையில் ஏறியிராது என்பதை இதனால் உணரலாம். 1861 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்று ஆற்றிய உரை ஏழு நாளும் பதினேழு மணி நேரமுங் கொண்டு மேற்கே சென்று சேர்ந்தமை அச்சேவையின் உச்சச் சாதனையாகப் பேசப்படுகின்றது.

இத்துணைச் சிறப்பும் எத்துணைக் காலம் நீடித்தது? பதினெட்டு மாதத்தைச் சற்றே கடந்தது; அவ்வளவே. 1861 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆந் திகதி கண்டத்தைக் கடக்கும் தந்திக் கம்பிகள் இணைக்கப்பட்டன. இரண்டே நாளிற் குதிரையஞ்சல் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பத்து நாளிற் சென்ற செய்தி கம்பியிற் கணப்பொழுதிற் செல்லும்போது குதிரைக்கு வேலை ஏது? நடத்திய நிறுவனமும் பெரு நட்டம் எய்தி நொடித்தது.

ஒன்றரை ஆண்டே வாழ்ந்து நட்டத்தில் மாய்ந்த ஒரு சேவை ஒன்றரை நூற்றாண்டாகப் புகழப்படுவது எதனால்? இதுவே நம் சிந்தனைக்குரிய வினா. விடை எளிது. அதற்குக் கதை சொல்லுவோர் கிடைத்தனர். 'பஃபலோ பில்' எனப் பெயர்பெற்ற வில்லியம் கோடி என்பவர் 1883 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடத்திய களியாட்டக் காட்சிகளில், குதிரையஞ்சல் வீரன் பாய்ந்து வந்து குதிரை மாறுங் காட்சியை ஆண்டாண்டாக நடித்துக் காட்டினார். தாமும் இளமையில் அவ்வீரருள் ஒருவராயிருந்ததாகக் கூறிக்கொண்டார். வரலாற்றறிஞர் பலர் அதனை ஐயுறுவர். பின்னர் நாவல்கள் எழுந்தன, திரைப்படங்கள் எழுந்தன. 'அநாதைகளே விரும்பத்தக்கவர்' என்று அந்நிறுவனம் ஆள் தேடி விளம்பரஞ் செய்ததாக உலகெங்கும் எடுத்தோதப்படும் வாசகத்தையுங்கூட ஆராய்ந்தோர் அக்காலப் பத்திரிகைகளிற் கண்டிலர். மெய்யும் புனைவுங் கலந்து ஒரு புராணம் தோன்றிவிட்டது. புகழ் என்பது செய்த பணியின் அளவைப் பின்பற்றுவதன்று. அதனை எடுத்துரைத்த நாவின் அளவையே பின்பற்றுகின்றது.

வேகத்துக்குக் குதிரையே தெய்வம் என்று கருதுவார்க்கு மற்றொரு செய்தியையும் நினைவூட்ட வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் உலகஞ் சுற்றிய மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூதா, தில்லி சுல்தானாகிய முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் நடைபெற்ற தபாலொழுங்கை விரித்துரைக்கின்றார். குதிரைத் தபால் நான்கு மைலுக்கு ஒரு நிலை. காலாள் தபால் மைலுக்கு மூன்று நிலை. காலாள் ஒரு கையிற் கடிதமும் மறு கையில் நுனியிற் செப்பு மணிகள் கட்டிய இரண்டு முழக் கோலும் கொண்டு ஓடுவான். மணியொலி கேட்ட மாத்திரத்தே அடுத்த நிலையிலுள்ளவன் அரைக்கச்சை இறுக்கி ஆயத்தமாவான். இவ்விரு தபாலுள் விரைவானது எது? காலாள் தபாலே என்கிறார் அவர். குராசான் நாட்டுப் பழங்கள் அத்தபாலில் வாடாது வந்தனவாம். இந்த யாத்திரிகர் 1344 ஆம் ஆண்டில் நம் இலங்கைக் கரையிலும் இறங்கி, யாழ்ப்பாண அரசராகிய ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்திற் கண்டு அளவளாவியவர் என்பதை மாணாக்கர் அறிவர். குதிரையை வென்ற அக்காலாளின் வழித்தோன்றலே பிற்காலத்து வன்னிக் காட்டில் ஓடிய தபாலோட்டக்காரன்.

நம் நாட்டிற்குக் குதிரை புதிதன்று. கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். நயினாதீவிலே, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று இன்றும் உளது. ஊராத்துறையில் வந்து சேரும் மரக்கலங்கள் உடைந்துபோமாயின், யானையும் குதிரையும் ஏற்றி வந்தவற்றில் நாலிலொரு கூறு அரச பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் ஆகுக; பிற வணிகப் பண்டம் ஏற்றி வந்தவற்றிற் சரிபாதி ஆகுக என்பது அதன் கருத்து. குதிரை கொணர்ந்த வணிகனுக்கு எத்துணைச் சலுகை! நெடுந்தீவிலோ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தருங் குதிரை வளர்த்தனர். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் அத்தீவின் வெளிகளில் இன்றும் மேய்ந்து திரிகின்றன. 1832 ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தொடங்கிய குதிரைத் தபால் வண்டிச் சேவை ஆசியாவிலேயே முதலாவது எனப் போற்றப்படுவது. குதிரையும் இருந்தது, குதிரைத் தபாலும் இருந்தது. எனினும் வன்னியிற் கடிதம் மனிதன் காலிலேயே சென்றது. குதிரைக்குச் செப்பனிட்ட பாதையும் இலாயமும் கொள்ளும் நன்னீரும் பராமரிப்பாளரும் வேண்டும். மனிதனுக்கு ஒற்றையடிப் பாதை போதும். சோற்று மூட்டை ஒன்று போதும். அரசுகள் எப்போதுஞ் சிக்கனமான ஊர்தியையே தேர்கின்றன. வன்னியில் அவ்வூர்தி மனிதனாயிற்று.

இலங்கைத் தபாற் சேவை தன் வரலாற்றை 1798 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகின்றது. தொடக்கத்தில் வடக்கு நோக்கிய தபாற் பாதை மேற்குக் கரையை ஒட்டிச் சென்றது. புத்தளங் கடந்து, மன்னார் நிலத்தூடாகப் பறங்கியாறும் பாலியாறுந் தாண்டிப் பூநகரியை எய்தி, கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடைவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேதான் கண்டியிலிருந்து வன்னியின் நெஞ்சைப் பிளந்து வடக்கே செல்லும் பெருந்தெரு உருப்பெற்றது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று நாம் இன்று பேருந்திலிருந்து எண்ணிக்கொண்டு செல்லும் ஊர்களெல்லாம் அவ்வழியின் மணிகளே. அன்று அவை காட்டிடையே குளமும் வயலுமாகத் தனித்தனி கிடந்தன. ஒரூர்க்கும் மற்றோரூர்க்கும் இடையே பல கட்டை தூரம் மனித முகங் காண்பதரிது.

இவ்வழியில் ஓடியவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கோடையில் நாவரட்சி; குளங்கள் சேறாகி விலங்குகளும் மனிதனும் ஒரே குட்டையில் நீர் தேடுங் காலம் அது. மாரியிலோ வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் பெருமழையாற் கனகராயன் ஆறும் பேராறும் கரைபுரளும். யானைக்கு ஒதுங்கி நிற்கலாம். சிறுத்தை பெரும்பாலும் தானே ஒதுங்கும். திடீரென எதிர்ப்படுங் கரடியோ முகத்தையே கிழிக்கும் என்பதை வன்னியார் யாவரும் அறிவர். இவை கண்ணிற் படும் பகை. கண்ணிற் படாத பகையாக மலைக்காய்ச்சல் என்னும் மலேரியா ஊர்களையே வெறுமையாக்கிய நிலம் இது. தெற்காசியா எங்கணும் தபாலோட்டக்காரனின் அடையாளம் மணி கட்டிய கோல் அல்லது ஈட்டி. திருவிதாங்கூரிலே 'அஞ்சலோட்டக்காரன்' வருகின்றான் என்று மணியொலி கேட்டு மக்கள் வழிவிட்டனர். மணி ஊரவர்க்கு வரவறிவித்தது. காட்டில் விலங்குகட்கு எச்சரிக்கை ஆயிற்று. தனியே ஓடுவோன் நெஞ்சுக்குத் துணையும் ஆயிற்று என்று கூறுவது மிகையாகாது.

அவன் சுமந்தது என்ன? கச்சேரிக் கட்டளை, நீதிமன்ற அழைப்பாணை, வணிகர் கணக்கு, கொழும்பிலுங் கண்டியிலும் உத்தியோகம் பார்த்த மகனின் சுகசேதி, இழவுச் செய்தி, கலியாணப் பேச்சு. 1841 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' பத்திரிகை தோன்றிற்று; 1849 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சிட்ட தாள் ஊர்விட்டு ஊர் செல்லாதாயின் அச்சினாற் பயன் யாது? 1857 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி இலங்கையின் முதலாவது தபால் முத்திரை வெளிவந்தது. அதன் விலை ஆறு பென்சு. காலணா எழுத்தும் பேரரசு ஆணையும் ஒரே பையில், ஒரே தோளில் ஏறின. தான் சுமப்பது மங்கலமோ அமங்கலமோ என்பதை அறியாமலே ஒருவன் ஓடினான்.

பின்னர்த் தெரு திருந்தவே காளை வண்டி வந்தது. அதன் கோலத்தை அறிய நமக்கு ஒரு நற்சான்று உண்டு. பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகிற் பெயர்பெற்ற லெனாட் வூல்ஃப், இளம் உத்தியோகத்தராக 1905 ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணம் வந்தார். அப்பொழுது தெற்கிலிருந்து வந்த புகையிரதப் பாதை அனுராதபுரத்தோடு நின்றது. அங்கிருந்து ஆனையிறவு வரை அவர் வந்தது 'தபாற் கோச்சு' என்னும் பெரும்பெயர் பூண்ட மாட்டு வண்டியில். தபாற் பைகள் வண்டித் தட்டிற் கிடக்க, பயணிகள் அப்பைகளின் மேற் கிடந்தனராம். வால்தேயரின் நூற்றொகுதி தொண்ணூறும் ஒரு நாயும் அவருடன் வந்தமையைத் தம் தன்வரலாற்றில் நகையாக எழுதியுள்ளார். அவ்வாண்டு ஓகத்து முதலாந் திகதியே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நேரே ஓடிற்று. அமெரிக்கக் குதிரையைத் தந்திக் கம்பி நிறுத்தியது போல, வன்னித் தபால் வண்டியைத் தண்டவாளம் ஏழு மாதத்துள் நிறுத்தியது. ஆயினும் சொற்கள் எளிதில் மாள்வதில்லை. புகையிரதத்தை நம் முதியோர் 'கோச்சி' என்றே வழங்கினர். கோச்சு வண்டியின் பெயர் இரும்பு வண்டிக்கு ஏறிற்று. தபால் நிலையத்தைத் 'தபாற் கந்தோர்' என்றனர். அக்கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். ஓட்டக்காரனையும் வண்டியையுங் காலம் கொண்டுபோயிற்று. மொழி மாத்திரம் அவற்றின் சுவட்டைக் காத்து நிற்கின்றது.

ஈண்டு ஒரு தடையை நீக்குதல் வேண்டும். அமெரிக்கக் கதையில் 'எல்லைப்புறம்' என்னுஞ் சொல் அடிக்கடி வரும். ஆளில்லா வெறுநிலம் என்ற எண்ணத்தை அது ஊட்டுகின்றது. ஆனால் அக்குதிரைகள் ஓடிய நிலம் பையூட் முதலான பழங்குடிகளின் தாயகமாயிருந்தது. 1860 ஆம் ஆண்டில் அவர்கள் போருக்கெழுந்து நிலையங்கள் சிலவற்றை எரித்தமைக்குக் காரணம் அதுவே. வன்னியையும் வெளியார் 'காடு' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவர். அது குளங்களால் விளைந்த நாடு. வன்னிமைகள் ஆண்ட நாடு. வற்றாப்பளையிற் கண்ணகிக்குப் பொங்கலிடும் நாடு. தபாலோட்டக்காரன் வெறுங் காட்டைக் கடந்து சென்றவன் அல்லன்; ஊரிலிருந்து ஊருக்குச் சென்றவன். அவனுக்கு நீர் வார்த்த கையும் ஒதுங்கத் திண்ணை கொடுத்த வீடும் இல்லாதிருப்பின் ஒரு மாரியைத்தானும் அவன் தாண்டியிருக்க இயலாது.

இனி நம் இலக்கியத்தின்பால் வருவோம். தூது என்பது தமிழர்க்குப் பழம் பொருள். தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தூதை வைத்தார். வள்ளுவர் அதற்கோர் அதிகாரம் வகுத்தார். பின் வந்த புலவர்கள் அன்னம், மயில், கிள்ளை, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்னும் பத்தையுந் தூதனுப்பினர். அவை போதாவென்று தமிழையும் பணத்தையும் புகையிலையையுங்கூட அனுப்பினர். கூலி வாங்கி வியர்வை சிந்தி ஓடும் மனிதனைத் தூதின் தலைவனாக்கியவர் எத்துணையர்? அவன் வரவைக் காதலியர் எதிர்பார்த்தனர், வணிகர் எதிர்பார்த்தனர், அவனையோ எவரும் எதிர்பார்த்திலர். ஆங்கிலக் கவி கிப்ளிங் இமயமலைச் சாரலிற் கடிதப் பை சுமந்து ஏறும் ஓட்டக்காரனைப் பாடினார். வங்கத்து இளங்கவி சுகாந்தர் தம் நாட்டு ஓட்டக்காரனைப் பாட, அப்பாடல் இசையேறி மக்கள் நாவில் நின்றது. வன்னியோ நாட்டார் பாடலுக்கு வறுமையுற்ற நிலமன்று. பன்றியைக் கலைப்பவனுக்குப் பண்டிப் பள்ளு உண்டு. குருவியை ஓட்டுபவனுக்குக் குருவிப் பள்ளு உண்டு. அரிவு வெட்டுவோர்க்குப் பாட்டு உண்டு. தபாலோட்டக்காரனைப் பாடிய பாட்டொன்றை என் செவிக்கெட்டியவற்றுள் யான் கண்டிலேன்.

ஆயினும் நம் முதற் காப்பியம் இக்குறையை ஒருமுறை தீர்த்து வைத்துள்ளது. சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையை நினைவுகூர்க. கோவலன் கண்ணகியோடு காட்டு வழி நடந்து மதுரையை அணுகுங் காலத்து, மாதவி எழுதிய ஓலையைச் சுமந்துகொண்டு கோசிக மாணி என்பான் அவனைத் தேடி வருகின்றான். துன்பத்தால் உருமாறிய கோவலனைக் கண்டு ஐயுற்று, அவன் தானோ என்பதை ஒரு சொல்லாற் சோதித்தறிந்து, பின்னரே ஓலையைக் கொடுக்கின்றான். உரியவனல்லாதவன் கையிற் கடிதம் சேர்தலாகாது என்னுந் தபால் நெறியை இதனினும் நுட்பமாகக் காட்டியவர் யாவர்? முத்திரை மண்ணிற் படிந்த மாதவியின் கூந்தல் நெய்யின் வாசம் கோவலனுக்குப் பழைய வாழ்வை உணர்த்துகின்றது. படித்தவன் மாதவி தீதிலள் எனத் தெளிகின்றான். அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்துவன எனக் கண்டு, அதனையே அவர்பாற் கொண்டு செல்க என்று கோசிகன் கையில் மீட்டுங் கொடுக்கின்றான். காப்பியத்தின் போக்கிற் கோசிகன் சிறு பாத்திரம். அவனை 'ஒருவன்' என்று கூறி அப்பாற் சென்றிருக்கலாம். இளங்கோவடிகள் அவனுக்கு ஒரு பெயர் கொடுத்தார். அப்பெயரால் அவன் இன்றளவும் நம்மோடு வாழ்கின்றான்.

இது பழங்கதையில் ஈடுபட்ட பண்டிதனின் ஏக்கம் மாத்திரமன்று. கடிதம் என்பது உயிர்க்கயிறாக இருந்த காலம் நம் கண்முன்னே கழிந்தது. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது; பெருந்தெரு அடைபட்டது. 2002 ஆம் ஆண்டிற் றிறந்த தெரு 2006 ஆம் ஆண்டில் மீண்டும் மூடிற்று. தொலைபேசி அரிதாயிருந்த அவ்வாண்டுகளில் வன்னியில் வாழ்ந்தோர்க்குக் கடிதமே பேச்சு. வாரங்கள் கடந்து, பல கை மாறி, மடிப்புக் கிழிந்து வந்த தாளை விளக்கடியில் வைத்து வீடு முழுவதும் கூடிப் படித்த காட்சியை யான் பல வீடுகளிற் கண்டிருக்கின்றேன். எழுத்தறியாத தாய்மார்க்கு வாசித்துக் காட்டும் பணி ஆசிரியர்களாகிய எங்கட்கு வந்தது. இழப்புச் செய்தி வந்த நாள்களில், முதல் வரியைக் கண்ணாற் கண்டு, அதனை வாயாற் சொல்லுதற்கு முன் யான் உற்ற தயக்கத்தை இன்றும் மறந்திலேன். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கொணர்ந்து கொடுத்த குடும்பச் செய்தித் தாள்கள் பிரிந்தோரை ஒருவர்க்கொருவர் உயிரோடிருப்பவராக அறிவித்தன. அவற்றை எடுத்து வந்தோரும், தாமதித்தேனும் தபாற் பையைச் சேர்ப்பித்த ஊழியரும், குண்டுக்கும் வெள்ளத்துக்கும் இடையே மிதிவண்டி மிதித்தவருமாகிய அனைவரும் அந்தப் பழைய ஓட்டக்காரனின் மரபினரே. அவருள் எவர் பெயரை நாம் எழுதி வைத்தோம்?

2009 ஆம் ஆண்டில் வன்னி மக்கள் ஏறத்தாழ அனைவரும் இடம்பெயர்ந்தனர். வீட்டோடு பெட்டகமும், பெட்டகத்தோடு ஏடும், ஏட்டோடு கடிதமும் அழிந்தன. சிலர் காணியுறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கட்டிய பொலித்தீன் பையில் ஒன்றிரண்டு பழங் கடிதங்களையுஞ் செருகிக் காத்தனர். புகையிரதம் 2013 ஆம் ஆண்டிற் கிளிநொச்சிக்கும் 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. கட்டிடங்கள் எழுந்தன, தெரு ஒளிர்கின்றது. ஆனால் எழுதப்படாத நினைவை எந்தத் திட்டமும் மீளக் கட்டித் தராது. எண்பது வயது கடந்த முதியோர் ஒருவர் மறையுந்தோறும், தம் தந்தையார் சொல்லக் கேட்ட தபால் வண்டிக் கதையும் அவருடன் மறைகின்றது. கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் தோற்ற செய்தியைக் கல்லிற் பொறிக்கத் தளபதியின் தரப்பினர்க்குத் தெரிந்திருந்தது. நம்மவரைப் பற்றி எழுதும் கடமை நம்முடையது. அதனைப் பிறர் செய்வரென எதிர்பார்த்தல் பேதைமை.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களையும் மாணாக்கரையும் நோக்கி ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். அடுத்த தபால் தினத்தில் 'தபாலின் பயன்' என்னும் பழந்தலைப்பைச் சற்று ஒதுக்கி வையுங்கள். மாணவர் ஒவ்வொருவரையும் தம் ஊரின் மூத்தாரிடம் அனுப்புங்கள். நம் ஊர்க்கு முதன்முதற் கடிதம் கொணர்ந்தவர் யார், எவ்வழியாக வந்தார், எந்த மரத்தடியில் இளைப்பாறினார், உப தபாற்கந்தோர் முதலில் எவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று கேட்டெழுதி வரச் செய்யுங்கள். போர்க்காலத்துக் கடிதங்கள் வீட்டிலிருப்பின், உடையவர் இசைவுடன் படியெடுத்துப் பாடசாலை நூலகத்திற் பேணுங்கள். அந்தரங்கம் உள்ளவற்றை அவர்பாலே விடுக. உறையை மாத்திரமேனும் படியெடுக்க. உறையிலுள்ள திகதியும் ஊர்ப் பெயரும் முத்திரைக் குறியும் வரலாற்றுக்குப் போதிய சான்றாகும். 1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரு நூல் எழுதினார். அந்நியர் ஒருவர் நம் குளங்களை எண்ணி எழுதியதை மேற்கோள் காட்டுகின்ற நாம், நம் பாட்டன்மார் பெயர்களை எண்ணி எழுதல் அரிதோ?

குதிரை வீரனைப் போன்ற புராணத்தை நம் ஓட்டக்காரனுக்குப் புனைந்து தருமாறு யான் கேட்கவில்லை. பொய்ப் புகழ் அவனுக்கு வேண்டா. அவன் சத்தியஞ் செய்ததாகவோ, வேங்கையோடு பொருததாகவோ கதை கட்டவும் வேண்டா. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை நடந்தான், மழையிற் பையை நனையாது காத்தான், உரியவர் கையிற் சேர்த்தான் என்னும் மெய்யே போதும். அந்த மெய்யின் பக்கத்தில் ஒரு பெயர் நிற்க வேண்டும். இன்றும் குடியேற்றத் திட்டங்களின் செம்மண் ஒழுங்கைகளில் மணியடித்துக்கொண்டு தபாற் சேவகர் வருகின்றனர். படலையில் நின்று கடிதத்தை வாங்குகின்ற நாம், முதற்கண் அவர் பெயரைக் கேட்டறிவோமாக.